கனிஷ்காவின் பெரியவள்

இப்போதெல்லாம் மனுசனுக்கு எதிரில் நிற்கிறவனோடு பேசப் பிடிப்பதில்லை. பக்கத்து வீட்டில் ஆள் இருக்கிறானா செத்தானா என்று எட்டிப் பார்க்க மாட்டான். ஆனால் முப்பது வருஷம் கழித்து வரப்போகிறவள் ஸ்பீக்கரில் பேசுகிறாள் என்று சொல்லிப் பாருங்கள், பிசைந்த சோற்றைத் தட்டில் போட்டுவிட்டு ஓடுவான். எங்கள் செங்கரட்டுப்பட்டி அப்படித்தான் ஓடியது. நான் ஓடவில்லை. நடந்து போனேன். அதுவும் இவர்கள் எப்படி ஏமாறுகிறார்கள் என்று பார்க்கத்தான்.

என் பெயர் வெயிலுமுத்து. ஆட்டு யாவாரம். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. சந்தையில் நாங்கள் விலை பேசுவது துண்டுக்கு அடியில், விரலைப் பிடித்து. வாய் பேசுவதெல்லாம் சுற்றி நிற்கிறவனுக்கு. அதனால் வாய் பேசுகிற எதையும் நான் நம்பிப் பழகவில்லை. வாயைப் பிளந்து பல் பார்ப்பேன், வாலைத் தூக்கிப் பார்ப்பேன், அப்புறம்தான் துண்டை எடுப்பேன்.

அந்த டாக்டரம்மா வந்தது பங்குனி வெயிலில். ஜெசிந்தா என்று பெயர், நாகர்கோவில் பக்கம். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. ஊசியை ஏன் ஜனங்கள் போட்டுக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள் என்று ஆராய்ச்சி செய்கிற டாக்டர். அதற்கெல்லாம் ஒரு படிப்பு இருக்கிறது, ஒரு சம்பளமும் இருக்கிறது. என்னிடம் கேட்டிருந்தால் சும்மாவே சொல்லியிருப்பேன்.

விஷயம் இதுதான். ஏதோ ஒரு கிருமி. வயசுக்கு வந்த பிறகு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒட்டிக்கொண்டு, பெண்ணின் கருப்பை வாயில் வருஷக்கணக்காகச் சத்தமில்லாமல் இருந்து, பிறகு புற்றாகக் கிளம்புமாம். சில ஆம்பளைகளுக்குத் தொண்டையிலும் வருமாம். சின்ன வயசிலேயே ஊசி போட்டுவிட்டால் கிருமிக்கு அங்கே வேலை இல்லையாம். பள்ளிக்கூடத்தில் பையன்களுக்கும் பொம்பளைப் பிள்ளைகளுக்கும் போடுவதாக இருந்தது. ஊரில் பாதிப் பேர் மாட்டேன் என்றுவிட்டார்கள். பின்னாடி பிள்ளை பிறக்காது என்று ஒரு பேச்சு. அந்தப் பேச்சை நான் பரப்பவில்லை. கேட்டவர்களுக்குச் சொன்னேன்.

அதற்குத்தான் டாக்டரம்மா ஒரு எந்திரத்தைக் கொண்டுவந்தாள். பள்ளிக்கூட ஹாலில் எல்லாரையும் உட்காரவைத்து விளக்கினாள்.

"பிள்ளைங்க குரலைக் கொஞ்ச நேரம் பதிவு பண்ணுவோம். வீட்டுப் பெரியவங்க குரலையும் பதிவு பண்ணுவோம். ரெண்டையும் வச்சு, இந்தப் பிள்ளை நாப்பத்தஞ்சு வயசுல எப்படிப் பேசும்னு எந்திரம் பேசிக் காட்டும். நீங்க அதுகிட்ட கேக்கலாம், அது பதில் சொல்லும்."

"பெரியவுக குரல் என்னத்துக்கு?" என்று கேட்டேன்.

"நாப்பத்தஞ்சு வயசுல நம்ம வாயில வர்றது நம்ம பேச்சா ஐயா? நம்ம வீட்டுப் பெரியவங்க பேச்சுதானே வரும்?"

சனம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. என் குரலை வாங்கிக்கொண்டு போய் எந்த வங்கியில் என்ன பேசுவாளோ, யாருக்குத் தெரியும்? "என் குரலு என்கிட்டயே இருக்கட்டும் தாயி" என்று எழுந்து வந்துவிட்டேன்.

"இது ஜோசியம் இல்லை. நடக்கப் போறது எதுவும் இதுக்குத் தெரியாது" என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். அதை யார் கேட்டார்கள்? மறுநாளே அந்தக் குரலுக்கு ஊர் ஒரு பெயர் வைத்துவிட்டது: பெரியவள். பையனாக இருந்தால் பெரியவன். "நேத்து என் மகளோட பெரியவ பேசினா, அப்படியே எங்க அத்தைக் குரலு" என்று குழாயடியில் பேச்சு. வெற்றிலை பாக்கோடு வந்தார்கள். ஒருத்தி ஸ்பீக்கருக்குச் சூடம் காட்டப் போய் டாக்டரம்மா ஓடிவந்து தடுத்தாள்.

டீக்கடை காசிராசன் தன் மகன் மித்ரனின் பெரியவனிடம் கேட்டது, ரோட்டோரத்தில் தான் வாங்கிப் போட்ட நிலம் என்ன ஆயிற்று என்று.

"அதைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா" என்றது பெரியவன்.

"தெரியாதா? வித்துத் தின்னுட்டு தெரியாதுங்கியா?" காசிராசன் திரும்பி, பக்கத்தில் நின்ற பன்னிரண்டு வயசு மித்ரன் முதுகில் ஒன்று வைத்தான். முப்பது வருஷம் கழித்துச் செய்யப் போகிற குற்றத்துக்கு அடி. அந்தப் பயல் என்ன ஏது என்று தெரியாமல் அழுதான். பெரியவன் மட்டும் ஸ்பீக்கரில், "ஊசி போட்டுவிட்டதுக்கு நன்றிப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தது.

ஆனால் ஊசி விஷயத்தில் எந்திரம் வேலை செய்தது என்று ஒத்துக்கொள்ள வேண்டும். வளர்ந்த மகள் குரலில் நன்றி கேட்டுவிட்டு எந்தத் தாய் மாட்டேன் என்பாள்?

எங்கள் வீட்டில் என் பேத்தி கனிஷ்கா. பதிமூன்று நடக்கிறது. என் மகன் மஸ்கட்டில். எதைக் கேட்டாலும் "அப்பா சொன்னாச் சரி" என்று போனை வைத்துவிடுவான். மருமகள் சுகந்தி தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவள். அவளுக்கு ஊசி போட்டுவிட ஆசை.

"மாமா, எல்லாப் பிள்ளைகளும் போடுது."

"எல்லா ஆடும் போற பக்கம் கசாப்புக்கடைதான் இருக்கும்."

"எதையாவது ஒண்ண நம்புங்க மாமா."

"நீ நம்பு. கைநாட்டு எங்கிட்ட இருக்கு." வீட்டுக்கு மூத்தவன் என்று பள்ளிக்கூடத்தில் என் விரல்தான் பதிந்திருந்தது. நான் வைத்தால்தான் ஊசி.

அவள் எனக்குத் தெரியாமல் தன் குரலைப் பதிந்து கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, கனிஷ்காவையும் பதியவைத்துவிட்டாள். அந்தச் சனிக்கிழமை ஹாலில் நானும் இருந்தேன். கனிஷ்காவுக்கு முன்னால் அவள் கூட்டாளி ரிதன்யா. அவளுடைய பெரியவள் பேசினாள்: "அம்மா, நான் நல்லா இருக்கேன். நீ எனக்குப் போட்டுவிட்ட ஊசி இன்னைக்கும் என்னைக் காப்பாத்துது." ரிதன்யாவின் தாய் முந்தானையைக் கடித்துக்கொண்டு அழுதாள்.

கனிஷ்கா துள்ளிக்கொண்டு போய் பொத்தானை அழுத்தினாள். "ஹலோ, பெரியவளே! நான்தான், சின்னவ!"

ஸ்பீக்கரில் இரைச்சல். வேறு ஒன்றும் இல்லை.

"ஏய், பேசு!"

இரைச்சல்.

டாக்டரம்மா அவசரமாக வந்து, "பதிவு பத்தலை, அவ்வளவுதான், வேற ஒண்ணும் இல்லை" என்றாள். சுற்றி நின்ற பெண்கள் என் பேத்தியைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். சந்தையில் ஒரு ஆட்டை இப்படிப் பார்த்தால் அதை எவனும் வாங்க மாட்டான்.

எனக்கும் அந்த மௌனம் தெரிந்த பாஷைதான். விற்கிறவனிடம், "ஆட்டுக்கு முன்னாடி நோவு வந்துச்சா?" என்று கேட்பேன். இல்லை என்பான், பார்த்து வாங்கலாம். சத்தியம் பண்ணுவான், யோசிக்கணும். ஒன்றும் பேசாமல் ஆட்டுக் கயிற்றையே பார்த்தான் என்றால் அடுத்த ஆட்டுக்குப் போய்விட வேண்டியதுதான். டீக்கடையில் காசிராசன், "என்ன அண்ணாச்சி, ஒங்க பேத்திக்கு மட்டும் வரலையாமே?" என்று கேட்டபோது, "பதிலு வரலைன்னா அதுதான் பதிலு" என்று சொன்னேன். என் மனசில் இருந்ததைச் சொன்னேன். அதில் என்ன தப்பு?

சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது, கனிஷ்கா நாற்பத்தைந்து வரை இருக்க மாட்டாள் என்று.

அதுவரை ஊசிக்கு வராத வீடுகளெல்லாம் திங்கட்கிழமை பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வரிசையில் நின்றன. எங்கள் வீட்டு வாசலுக்கு மட்டும் யாரும் வரவில்லை. ரிதன்யாவின் தாய் அவளை வேறு பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டாள். கபடிக்கு ஆள் பிரிக்கும்போது கனிஷ்காவை விட்டுவிட்டார்கள். தொட்டுப் பிடிக்கிற விளையாட்டாச்சே.

கனிஷ்கா அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. ஒருநாள் அவள் சைக்கிளைக் காணோம்.

"எங்கட்டி சைக்கிளு?"

"ரிதன்யாவுக்குக் குடுத்துட்டேன்."

"ஒன்னைத் தள்ளிவச்சவளுக்கா?"

"அவ ரொம்ப நாள் ஓட்டுவால்ல, தாத்தா."

புத்தகப் பை மூலையில் கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன். "படிச்சுட்டு என்ன செய்ய?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. மழை வருமா என்று கேட்பதுபோல் கேட்டாள். சுகந்தி அடுப்படியில் பாத்திரத்தைக் கழுவினாள், கழுவினதையே திரும்பக் கழுவினாள், என் பக்கம் திரும்பவே இல்லை.

நான் சட்டையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

டாக்டரம்மா வேதியியல் கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள். முகம் சரியில்லை.

"என் பேத்திய என்ன பண்ணி வச்சிருக்க?" என்றேன்.

"உக்காருங்க ஐயா."

"உக்காரல. ஒரே ஒரு கேள்வி. அவளுக்கு ஏன் குரல் வரல? நெசத்தைச் சொல்லு, தாங்கிக்கிடுவேன்."

அவள் எந்திரத்தைத் தட்டி ஒரு பதிவைப் போட்டாள். சுகந்தி குரல். "வணக்கம், நான் கனிஷ்காவோட அம்மா..." அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு கிழவனின் கத்தல். மின்சாரக்காரனை, ரேஷன் கடையை, மழையை, மருமகளை, எல்லாவற்றையும் திட்டிக்கொண்டு. சுகந்தி அதற்கு அடியில் எங்கேயோ முணுமுணுத்தாள்.

"இது யாரு?"

"நீங்கதான் ஐயா. அவங்க போன்ல வீட்டுலயே பதிஞ்சு கொண்டுவந்தாங்க. உங்க வீட்டுல அதிகமா பேசறது நீங்க. உங்க பேச்சு இல்லாம அந்தப் பிள்ளையோட பேச்சைக் கட்ட முடியலை. அனுமதி இல்லாத குரலை எந்திரம் தொடவும் கூடாது. அதனாலதான் மௌனம். வேற ஒரு காரணமும் இல்லை."

"இதை அன்னைக்கே ஊருக்குச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். கேட்டாங்களா? நீங்க டீக்கடையில சொன்னதைக் கேட்டாங்க." பதிவை நிறுத்தினாள். "என் மேலதிகாரி போன் பண்ணினார். இந்த மௌனம் நல்லா வேலை செய்யுதாம். ஊசி எண்ணிக்கை ஏறிடுச்சாம். சரி பண்ணாதே, அடுத்த ஊர்லயும் ஒரு பிள்ளைக்கு இப்படி வரட்டும்னு சொல்றார்."

"நீ என்ன சொன்ன?"

"முடியாதுன்னேன். அடுத்த மாசம் நான் இந்த வேலையில இருப்பேனான்னு தெரியலை."

சரியான கைகாரிதான் என்று நினைத்தேன். தன் கஷ்டத்தைச் சொல்லி நம் மனசை இளக்குகிற விற்பனை எனக்குத் தெரியாதா? இழுத்துப் பார்த்தேன். "சரி, பயந்துட்டேன். ஊசியைப் போடச் சொல்லிரு. கைநாட்டு வைக்கேன்."

"இப்போ போடச் சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"அந்தப் பிள்ளை சாகப் போறோம்னு நினைச்சுட்டு இருக்கு. அந்தப் பயத்துல ஊசி போட்டா, நாளைக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் நடுங்கும். முதல்ல அதுக்குக் குரல் வரணும். அப்புறம் நீங்க வேணும்னா வேணும், வேண்டாம்னா வேண்டாம்."

வாங்குகிறவன் துண்டைத் தூக்கின பிறகு கையை இழுத்துக்கொள்கிற யாவாரியை நான் பார்த்ததே இல்லை. சந்தேகம் இன்னும் கூடியது. ஆனாலும் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்தேன். வேறு என்ன செய்ய?

"என்ன பேச?"

"எது வேணும்னாலும். வீட்டுல பேசறதை."

பேசினேன். எந்திரத்தை நம்பவில்லை என்று ஆரம்பித்து, ஆட்டுக்கு நோவு வந்தபோது ஊசி போட வந்த கால்நடை டாக்டர், ஓட்டு கேட்டு வந்தவன், மஸ்கட்டில் என் மகனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தவன் என்று ஒருத்தனையும் விடவில்லை. நிறுத்தச் சொல்வாள் என்று பார்த்தேன்; சொல்லவில்லை. தொண்டை காய்ந்து நானே நிறுத்தினேன்.

வெள்ளிக்கிழமை. மறுபடி ஹால். ஊரே வந்துவிட்டது. நல்லதுக்கு வராத கூட்டம் இதற்கு மட்டும் முன்கூட்டியே வந்து இடம் பிடிக்கும். சுகந்தி ஆபீசுக்குப் போகாமல் வந்து, கனிஷ்காவின் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கனிஷ்கா பொத்தானை அழுத்த மாட்டேன் என்றாள். டாக்டரம்மா குனிந்து அவளிடம் ஏதோ சொன்னாள். பிறகு கனிஷ்கா அழுத்தினாள்.

இரைச்சல்.

"யாரு?" என்றது ஸ்பீக்கர். தடித்த பொம்பளைக் குரல். கனிஷ்காவின் குரல்தான்; வெயிலில் காய்ந்த குரல்.

"நான்... நான் கனிஷ்கா. நீ உயிரோடயா இருக்க?"

"இல்லாமலா தொண்டத் தண்ணி வத்தப் பேசிக்கிட்டு இருக்கேன்? அறிவு கெட்டவளே, இது ஒரு கேள்வியா?"

ஹாலே சிரித்துவிட்டது. கனிஷ்கா சிரித்தாள், அப்புறம் அன்றைக்குத்தான் அழுதாள். சுகந்தி அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். ரிதன்யா கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து, "சைக்கிளைச் சாயங்காலம் கொண்டாந்துருதேன்" என்றாள். அத்தோடு முடிந்திருந்தால் நான் வீட்டுக்குப் போயிருப்பேன்.

டாக்டரம்மா வழக்கம்போல் மைக்கருகில் போய்ப் பெரியவளிடம், "கனிஷ்கா, ஊசியைப் பத்தி எல்லாருக்கும் ஏதாவது சொல்லுங்க" என்றாள்.

"என்னத்தச் சொல்ல? ஊசி போடுதவ நல்லதுன்னுதான் சொல்லுவா. எந்த யாவாரி தன் ஆட்டுக்குக் கழிச்சல் நோவுன்னு ஊருக்குச் சொல்லியிருக்கான்? எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கிடையாது. போடாதீக."

சிரிப்பு நின்றது. முன் வரிசையில் ஒருத்தி தன் பிள்ளையின் கையைப் பிடித்து எழுப்பினாள். காசிராசன், "அண்ணாச்சி, ஒங்க பெரியவ வேண்டாங்காளே!" என்றான். பின்னால் இருந்து ஒருத்தன் "அதை அமத்துங்கம்மா!" என்று கத்தினான்.

டாக்டரம்மா வெளுத்துப் போய்விட்டாள். ஒரு பொத்தானைத் தட்டினால் போதும், பெரியவள் வாய் மூடிவிடுவாள். அவள் தட்டவில்லை.

"மத்தவங்க நல்லதுன்னு சொன்னப்போ நான் அமத்தலையே" என்றாள் கூட்டத்தைப் பார்த்து. "அன்னைக்குப் பேசினதும் எந்திரம்தான், இன்னைக்குப் பேசறதும் எந்திரம்தான். கேட்டுப் பழகினதைச் சொல்லுது. ஊசியைப் பத்தி நானே சொல்றேன், இதைக் கேக்காதீங்கன்னு முதல் நாளே சொல்லியிருக்கணும்."

நான் ஜெயித்துவிட்டேன். ஊர் முழுக்க என் பேச்சை, என் பேத்தி வாயில், ஸ்பீக்கர் வைத்துக் கேட்கிறது. சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் எனக்கு எவன் பேசினாலும் பல்லைப் பார்த்துப் பழக்கம். எழுந்து மைக்கிடம் போனேன்.

"ஏட்டி, எதை வச்சுட்டு வேண்டாங்க?"

"எதை வச்சும் இல்ல தாத்தா."

"யாரும் செத்தாகளா? யாருக்கும் ஆகாமப் போச்சா? கண்ணால கண்டியா?"

"ஒண்ணும் காணல. சும்மா சொல்லுதேன். சந்தேகப்பட்டா நட்டம் இல்லல்ல?"

அது நான் தினமும் சொல்வதுதான். மருமகளிடம் சொல்வேன், மகனிடம் சொல்வேன். இன்னொரு வாயில் கேட்டபோது கயிற்றைப் பார்த்துக்கொண்டு பேசுகிற யாவாரி மாதிரி இருந்தது.

"நட்டம் வந்தா?" என்றேன்.

"வந்தா எனக்குத்தானே வரும்?" என்றாள் பெரியவள், வெகு சாதாரணமாக. "ஒனக்கென்ன தாத்தா. நீதான் அப்போ இருக்க மாட்டியே."

இதற்கு ஒரு பதில் என்னிடம் இருக்கும் என்று எல்லாரும் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

கனிஷ்காதான் பேசினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, சட்டைக் கையை மேலே சுருட்டிக்கொண்டு. "ரெண்டு கெழடும் பேசி முடிச்சாச்சா? ஊசி எனக்கா, ஒங்க ரெண்டு பேருக்குமா?"

"ஒனக்கு வேணுமா?"

"வேணும். டாக்டர்கிட்ட நான் கேட்டுட்டேன். நீங்கதான் ஒரு தடவைகூட அவுககிட்ட கேக்கல."

கேட்கவில்லைதான். கேட்டால் பதில் சொல்லிவிடுவாளே என்று கேட்கவில்லை. இப்போது கேட்டேன்.

"தாயி, இவ நாப்பத்தஞ்சு வரைக்கும் இருப்பாளா?"

"தெரியாது ஐயா. யாருக்கும் தெரியாது. இந்த ஒரு புற்றுநோய் வராம இருக்க வாய்ப்பு ரொம்ப ரொம்ப அதிகம். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"கை வலிக்குமா?"

"ஒரு நாள் வலிக்கும். சில பேருக்குக் காய்ச்சல் வரும்."

தன் ஆட்டின் நோவைத் தானே சொல்கிறவளை என்ன செய்வது? கட்டைவிரலை நீட்டினேன். அவள் கைரேகைக் கருவியைக் காட்டினாள், அழுத்தினேன். ஸ்பீக்கரில் பெரியவள், "ஏமாந்துட்டியே தாத்தா" என்றாள். அப்போதுதான் டாக்டரம்மா சிரித்துக்கொண்டே எந்திரத்தின் ஒயரைப் பிடுங்கினாள். அதற்கப்புறம் அவள் அதை மாட்டவே இல்லை.

நர்ஸ் ஊசி போட்டபோது கனிஷ்கா முகத்தைச் சுளித்தாள், அவ்வளவுதான். அவளுக்குப் பின்னால், எழுந்து போக நின்ற பெண்கள் சிலர் போனார்கள், சிலர் டாக்டரம்மாவைச் சுற்றி நின்று கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். பிள்ளை பிறக்குமா என்று ஒருத்தி கேட்டாள். "பிறக்கும். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை" என்றாள் டாக்டரம்மா. கேட்டவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது டாக்டரம்மா வாசல் வரை வந்தாள்.

"அப்போ நம்பிட்டீங்களா ஐயா?"

"ஒன்னையும் நம்பல, ஒன் ஊசியையும் நம்பல. அந்தப் பெரியவளையும் நம்பல. அவ என்னைய மாதிரி பேசுதா, அவளை எப்படி நம்புறது?"

"ஆறு மாசம் கழிச்சு இன்னொரு ஊசி இருக்கு. கூட்டிட்டு வரணும்."

"அதானே பாத்தேன்! ஒண்ணோட விட மாட்டீகளே!"

அவள் ஏதோ சொல்ல வந்தாள். நான் நிற்கவில்லை. ஆறு மாசத்தில் இவள் வேலையில் இருக்கிறாளோ, மேலதிகாரி தூக்கிவிட்டானோ. வேறு எவனாவது வந்து ஊசிக்குக் கூப்பிட்டால் என் கைநாட்டு கிடையாது. அவளே வந்தால் கூட்டிக்கொண்டு வருவேன். சொன்ன சொல்லுக்கு ஆள் வருகிறாளா என்று பார்க்க வேண்டும், அதற்காகத்தான்.